ஜிகர் குமார் எழுதிய மடல்கள்

ஓப்பன் சோர்ஸ் உலகத்தில் ஒரு பயனர் எழுதியதிலேயே மோசமான மடல் எது என்று கேட்டால், ஆளுக்கு ஒரு உதாரணம் வைத்திருப்பார்கள். வசவு, மிரட்டல், சாபம் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். என் தேர்வு வேறு. அதில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. 2022 ஜூன் மாதம், எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற மென்பொருளின் மடற்குழுவுக்கு 'ஜிகர் குமார்' என்ற பெயரில் வந்த மடல் அது. புதிய பராமரிப்பாளர் வராமல் இங்கே எதுவும் நகரப்போவதில்லை. இப்போது இருப்பவருக்கு ஆர்வம் போய்விட்டது, இல்லாவிட்டால் அக்கறை இல்லை. இப்படி ஒரு திட்டத்தை இந்த நிலையில் பார்க்க வருத்தமாக இருக்கிறது. சாரம் இவ்வளவுதான்.

கதையின் பின்பகுதி பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள். லினக்ஸ் கணினிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். அதைப் பல வருடங்களாக லாசே கொலின் என்ற ஒருவர், சம்பளம் எதுவும் இல்லாமல், பார்த்துக்கொண்டிருந்தார். 2021 கடைசியில் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். நல்ல பேட்சுகள் அனுப்பினார். படிப்படியாக இணைப் பராமரிப்பாளர் ஆனார். 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வந்த 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் ஒரு பின்கதவை ஒளித்துவைத்தார். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் வழியாக, சாவி வைத்திருப்பவர் மட்டும் உள்ளே வரக்கூடிய கதவு. அது பரவலாகப் போய்ச் சேர்வதற்குள், மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்பவர் கண்டுபிடித்து வெளியே சொன்னார். ஜியா டான் யார் என்று இன்றுவரை தெரியாது.

இதைப் பாதுகாப்புப் பிரச்சினையாக நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் இங்கே பார்க்க நினைப்பது அந்த மடல்களை. மடல்களாகவே. ஒரு பயனர் ஒரு பராமரிப்பாளரிடம் எப்படிப் பேசுகிறார், அந்தப் பேச்சு என்ன செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் எனக்குக் கிடைக்கவில்லை.

வரிசையாகப் பார்ப்போம். 2022 ஏப்ரலில் ஜியா டான் ஒரு பேட்ச் அனுப்புகிறார். அதன் அடியில் ஜிகர் குமார் முதல்முறையாக வாய் திறக்கிறார்: இந்தக் குழுவில் பேட்சுகள் வருடக்கணக்கில் கிடக்கும், 5.2.0 வந்து 7 வருடம் ஆகிறது, சீக்கிரம் எதுவும் வரும் என்று நம்பக் காரணமே இல்லை. மே மாதம் 'டென்னிஸ் என்ஸ்' என்று இன்னொரு பெயர். எக்ஸ்இசட்டின் ஜாவா வடிவத்தை யாராவது பராமரிக்கிறார்களா, ஒரு வாரம் முன்னால் கேட்டேன், பதிலே இல்லையே என்கிறார். கொலின் மன்னிப்புத் தொனியில் பதில் எழுதுகிறார்: ஏதோ ஓர் அர்த்தத்தில் பராமரிக்கிறேன், வழு இருந்தால் சரிசெய்வேன், புது வசதிகள் அவ்வளவாக இல்லை. கடைசியில் ஒரு சோகமான முகக்குறி. மே கடைசியில் மீண்டும் ஜிகர்: ஒரு மாதம் தாண்டியும் பேட்ச் சேரவில்லை, இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஜூன் 7 அன்று நான் தொடக்கத்தில் சொன்ன மடல்.

மறுநாள் கொலின் எழுதிய பதில்தான் இந்த மொத்தத் தொடரின் மையம். ஆர்வம் போகவில்லை என்கிறார். ஆனால் நீண்டகால மனநலப் பிரச்சினைகளாலும் வேறு சிலவற்றாலும் கவனம் செலுத்தும் திறன் குறைந்திருக்கிறது என்கிறார். ஜியா டானோடு கொஞ்சம் வேலை செய்துவருகிறேன், வருங்காலத்தில் அவருக்குப் பெரிய பங்கு இருக்கலாம் என்கிறார். இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி.

முகம் தெரியாத ஒருவர் 'உனக்கு அக்கறை இல்லை' என்று சொன்னதற்கு, ஒரு மனிதர் தன் உடம்பு, மனசு எல்லாவற்றையும் பொதுவில் எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது. அதுவும் விளக்கமாக அல்ல, ஏறக்குறைய சாட்சியம் மாதிரி.

இதற்குப் பிறகு ஒரு சாதாரண மனிதர் என்ன செய்வார்? 'அடடா, தெரியாமல் கேட்டுவிட்டேன், மெதுவாகப் பாருங்க' என்று ஒதுங்குவார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஜிகர் இன்னும் இறுக்குகிறார்: நீங்கள் போகிற வேகத்தில் 5.4.0 இந்த வருடம் வருவது சந்தேகம், உங்கள் திட்டத்தை நீங்களே நெரிக்கிறீர்கள், பராமரிப்பாளரை மாற்ற ஏன் காத்திருக்க வேண்டும்? (5.4.0 அதே வருடம் டிசம்பரில் வந்தது என்பது தனிக் கதை.) அடுத்து டென்னிஸ், இதமான குரலில்: உங்கள் மனநலப் பிரச்சினைக்கு வருந்துகிறேன், ஆனாலும் தன் எல்லையைத் தெரிந்துவைத்திருப்பது முக்கியம், எல்லோருக்கும் இது பொழுதுபோக்குதான், ஆனால் சமூகம் இன்னும் அதிகம் விரும்புகிறது. ஜூன் 29 அன்று கொலின் ஜியா டானை ஏறக்குறைய இணைப் பராமரிப்பாளர் என்றே அறிவித்துவிடுகிறார். இந்த முறை சிரிக்கும் முகக்குறி.

அதன்பின் ஜிகரும் டென்னிஸும் காணாமல் போனார்கள். இந்தப் பெயர்களுக்கு வேறு எங்கும் சுவடு இல்லை. ஜியா டானுக்கு இடம்பிடித்துக் கொடுக்க உருவாக்கப்பட்ட வேடங்கள் இவை என்பது பரவலான கருத்து. நிரூபணம் ஆனதல்ல, ஆனால் வேறு விளக்கம் சொல்வது கடினம்.

நான் கவனிக்கச் சொல்வது அந்தச் 'சமூகம்' என்ற வார்த்தையை. டென்னிஸ் என்ஸ் தனக்கு வேண்டும் என்று சொல்லவில்லை. சமூகம் விரும்புகிறது என்கிறார். எந்தச் சமூகம்? எக்ஸ்இசட்டின் உண்மையான பயனர்கள் யார்? டெபியன், ஃபெடோரா, அவற்றின் மேல் நிற்கிற லட்சக்கணக்கான சர்வர்கள், அந்த சர்வர்களின் மேல் தொழில் நடத்தும் நிறுவனங்கள், வீட்டில் லினக்ஸ் போட்டிருக்கும் நீங்களும் நானும். இதில் பெரும்பாலானவர்களுக்குத் தாங்கள் எக்ஸ்இசட்டின் பயனர்கள் என்பதே தெரியாது. தெரியாதவர் எப்படி மடல் எழுதுவார்? நல்லபடியாக ஓடுகிற மென்பொருளின் பயனர் ஊமை. குறை இருந்தால்தான் அவருக்கு வாய் முளைக்கும். ஆக, ஒரு பராமரிப்பாளர் மனதில் இருக்கும் 'பயனர்' என்ற உருவமே குறைசொல்கிறவர்களை மட்டும் வைத்து வரைந்த உருவம்தான். அந்த உருவத்துக்குள் போலிகள் இரண்டு பேர் நுழைந்தபோது வித்தியாசம் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? அசல்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எந்தப் பிரபலமான திட்டத்திலும் வழுப் பட்டியலைத் திறந்து பாருங்க. 'ஏதாவது முன்னேற்றம் உண்டா?', 'இன்னுமா சரி ஆகல?', 'இந்தத் திட்டம் செத்துப்போச்சா?' ஜிகர் குமார் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. நம் பேச்சைத்தான் கடன் வாங்கினார்.

இந்த மாதிரிப் பேச்சுக்கு எதிராக ஓப்பன் சோர்ஸ் உலகத்தில் இரண்டு புகழ்பெற்ற எழுத்துகள் உண்டு. ஒன்று, எரிக் ரேமண்டும் ரிக் மோயனும் 2001 வாக்கில் எழுதிய, 'புத்திசாலித்தனமாகக் கேள்வி கேட்பது எப்படி' என்ற நெடிய வழிகாட்டி. இன்னொன்று, க்ளோஷர் மொழியை உருவாக்கிய ரிச் ஹிக்கி 2018இல் எழுதிய, 'ஓப்பன் சோர்ஸ் உங்களைப் பற்றியதல்ல' என்று பொருள்படும் தலைப்புக் கொண்ட சின்னக் கட்டுரை.

ஹிக்கியின் வாதம் எளிது. உரிமம் கொடுத்தது நிரலை மட்டும். வசதி, கவனம், விளக்கம், உங்கள் கருத்துக்கு மதிப்பு, இவை எதற்கும் பயனருக்குப் பாத்தியதை கிடையாது. சட்டப்படி முழுக்கச் சரி. பெரும்பாலான ஓப்பன் சோர்ஸ் உரிமங்களே இதைத்தான் பெரிய எழுத்தில் சொல்கின்றன: இருப்பது இருக்கிறபடி, எந்த உத்தரவாதமும் இல்லாமல். நம்ம ஊரில் இதையே தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். படித்தபோது எனக்கும் பிடித்திருந்தது, நாலு பேருக்கு அனுப்பவும் செய்தேன். ஆனால் கொலினின் பதிலோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் அதன் போதாமை தெரிகிறது. ஹிக்கி சொன்னதைத்தான் கொலினும் சொன்னார், 'இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு' என்று. அது அவரைக் காப்பாற்றவில்லை. தனக்குக் கடமை இல்லை என்று அறிவுக்குத் தெரிவது வேறு, கடமை இருப்பதாக உணர்வது வேறு. பல வருடம் காசு வாங்காமல் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறவர் பெரும்பாலும் இரண்டாவது வகை. அப்படிப்பட்டவராக இல்லாவிட்டால் எப்போதோ போயிருப்பார். ஹிக்கியின் கட்டுரை ஏற்கெனவே 'முடியாது' என்று சொல்லத் தெரிந்தவருக்கு ஆயுதம். சொல்லத் தெரியாதவருக்கு அதனால் என்ன பயன்?

'முடியாது' என்று சொல்லத் தெரிந்தவருக்கு நல்ல உதாரணம் கர்ல் மென்பொருளின் டேனியல் ஸ்டென்பெர்க். 1998 முதல் கர்லை நடத்துகிறார். கார் நிறுவனங்கள் வண்டிக்குள் கர்லைப் பயன்படுத்துவதால் உரிம அறிவிப்பில் அவர் மின்னஞ்சல் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, கார்த் திரை வேலை செய்யவில்லை என்று அவருக்கு எழுதுகிறவர்கள் உண்டு. 2022 ஜனவரியில், லாக்4ஜே ஓட்டைப் பரபரப்பு முடிந்த கையோடு, ஒரு பெரிய அமெரிக்க நிறுவனம் அவருக்குக் கேள்விப் பட்டியல் ஒன்றை அனுப்பி 24 மணி நேரத்துக்குள் பதில் வேண்டும் என்றது. ஆதரவு ஒப்பந்தம் போடுங்கள், சந்தோஷமாகப் பதில் சொல்கிறேன் என்று எழுதினார் ஸ்டென்பெர்க். திரும்ப வந்த மடல் அவரை 'டேவிட்' என்று விளித்தது. அவர் அதற்கு 'கோலியாத்' என்று விளித்துப் பதில் போட்டார். சிரிக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். ஸ்டென்பெர்க் 2019 முதல் கர்லையே முழுநேர வேலையாகச் செய்கிறார், அதற்கு ஒரு நிறுவனம் சம்பளம் கொடுக்கிறது. ஒப்பந்தம் போடுங்கள் என்று சொல்வதற்கு ஒப்பந்தம் போடும் இடம் ஒன்று இருக்க வேண்டும். அவருடைய நகைச்சுவைக்குப் பின்னால் ஒரு மாதச் சம்பளம் நிற்கிறது. கொலினுக்கு அது இல்லை. பராமரிப்பாளர்கள் 'எல்லை வகுத்துக்கொள்ள' வேண்டும் என்று அறிவுரை சொல்கிற கட்டுரைகளில் இந்தச் சின்ன விஷயம் அநேகமாக விடுபட்டுப்போகிறது.

ரேமண்ட்-மோயன் வழிகாட்டி வேறு மாதிரி. முதலில் தேடிப்பார், பிறகு கேள். அவசரம் என்று தலைப்பில் போடாதே. உன் ஊகத்தைச் சொல்லாதே, கண்ட அறிகுறியைச் சொல். அதன் தொனி எனக்கு ஒத்துவராது. கேட்க வருகிறவரை வாசலிலேயே நிறுத்தி, கால் கழுவினாயா என்று கேட்கிற தொனி. ஒரு தலைமுறையே அதைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்கவே கூசியிருக்கிறது. பதில் சொல்கிறவர் எரிந்து விழுந்தாலும் தாங்கிக்கொள் என்றும் அதில் உண்டு, அதை என்னால் ஏற்க முடியாது. இருந்தாலும் 'அறிகுறியைச் சொல்' என்ற அந்த ஒரு அறிவுரை தங்கம். ஜிகர் குமாரின் மடல்களை அதைக் கொண்டு உரசிப் பாருங்கள். எந்தக் கோப்பு சுருங்கவில்லை? எந்தக் கணினியில் என்ன உடைந்தது? பேட்ச் இல்லாததால் அவருக்கு என்ன வேலை நின்றது? ஒன்றுமே கிடையாது. இருப்பதெல்லாம் காலக்கணக்கும் (7 வருடம், 1 மாதம், இந்த வருடத்துக்குள்) அந்த மனிதரைப் பற்றிய தீர்ப்பும். மென்பொருளைப் பற்றிய ஒரு தகவல்கூட இல்லாமல் மென்பொருளின் தலைவிதியை முடிவு செய்த மடல்கள்.

இதற்கு நேர் எதிரே ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் 2024 மார்ச் 29 அன்று எழுதிய மடலை வையுங்கள். அதுவும் ஒரு பயனரின் மடல்தான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நிரலாளர் அவர், வேலை மைக்ரோசாஃப்டில். எக்ஸ்இசட்டுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. தன் கணினியில் போஸ்ட்கிரெஸின் வேகத்தை அளப்பதற்காக எல்லாவற்றையும் அமைதிப்படுத்திக்கொண்டிருந்தபோது, எஸ்எஸ்எச் தேவைக்கு மேல் சிபியூவைத் தின்பதைப் பார்க்கிறார். தவறான பெயரில் வந்து உடனே தோற்றுப்போகிற முயற்சிகளுக்கே அவ்வளவு. அளந்து பார்க்கிறார். முன்னே 0.299 விநாடி, இப்போது 0.807. அரை விநாடி. நம்மில் யாருக்கு அது உறைத்திருக்கும்? சில வாரம் முன்னால் வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி காட்டிய விநோதமான எச்சரிக்கை ஒன்றும் அவருக்கு ஞாபகம் வருகிறது. நூல் பிடித்துக்கொண்டே போய் எக்ஸ்இசட்டில் நிற்கிறார்.

அந்த மடலை ஒரு எழுத்தாகப் படித்தால் வியப்பாக இருக்கும். என்ன பார்த்தேன், எந்தப் பதிப்பில், எந்த வரியில், எது நிச்சயம், எது ஊகம் என்று பிரித்துப் பிரித்துச் சொல்கிறார். நான் பாதுகாப்பு ஆய்வாளன் அல்ல என்று அவரே குறிப்பிடுகிறார். உலகத்தையே உலுக்கப்போகிற செய்தியைச் சொல்லும்போதும் குரல் உயரவில்லை. தானம் கொடுத்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தவர் இவர்தான். பழமொழி தடுத்த வேலையை இவர் செய்ததால்தான் ஊர் தப்பித்தது. ஜிகர் குமார் பல்லைப் பார்க்கவே இல்லை. மாடு ஏன் இன்னும் வரவில்லை, மாடு மேய்க்கிறவனை மாற்று என்று மட்டும் வாசலில் நின்று சத்தம் போட்டார்.

வழக்கமாக வழுவைப் பராமரிப்பாளரிடம்தான் சொல்ல வேண்டும். இங்கே பராமரிப்பாளர்மேலேயே சந்தேகம். அதனால் ஃப்ராய்ண்ட் முதலில் டெபியன் பாதுகாப்புக் குழுவிடமும், லினக்ஸ் வழங்கல்களுக்கான மூடிய குழுவிடமும் போனார். ஜியா டானிடம் நேராகப் போயிருந்தால்? உடனடியாக, மிக மரியாதையாகப் பதில் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இந்தக் கதையில் என்னை அதிகம் தொந்தரவு செய்வது இதுதான். பராமரிப்பாளர்களுக்கு நாம் சொல்லும் நல்லொழுக்கங்கள் எல்லாம் (சீக்கிரம் பதில் சொல், பொறுமையாக இரு, பங்களிப்பவரை அரவணை) ஜியா டானிடம் இருந்தன. ஃபெடோராவில் புது வெளியீட்டைச் சேர்க்க வாரக்கணக்கில் அங்குள்ளவர்களோடு இணக்கமாக மடலாடினார். அந்த வால்கிரைண்ட் எச்சரிக்கையைச் சரிசெய்யக்கூட ஒத்துழைத்தார். தாமதமாகவும் தயக்கமாகவும் பதில் எழுதியவர் கொலின்தான். பணிவை அளவுகோலாக வைத்து இந்த இரண்டு பேருக்கு மதிப்பெண் போட்டால் யாருக்கு முதலிடம் கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்க.

அதனால்தான் நடத்தை நெறிகள், இன்முகப் பேச்சு என்று இந்த விவாதம் போகும்போது எனக்கு அலுப்பு வருகிறது. அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. வசவுக்குத் தடை இருக்கட்டும். ஆனால் டென்னிஸ் என்ஸின் மடல் எந்த நடத்தை நெறியிலும் தேர்ச்சி பெறும். வருந்துகிறேன் என்றுதானே ஆரம்பிக்கிறார்!

தமிழில் 'உரிமையோடு கேட்கிறேன்' என்று ஒரு பேச்சு உண்டு. சட்ட உரிமை அல்ல அது. பழகிய உறவில் எடுத்துக்கொள்ளும் சுதந்திரம். சித்தி வீட்டில் சாப்பாடு கேட்பது மாதிரி. அந்த உரிமை எங்கிருந்து வருகிறது? நாமும் அந்த வீட்டில் தண்ணி தூக்கியிருப்போம், கல்யாணத்தில் பந்தி பரிமாறியிருப்போம். ஓப்பன் சோர்ஸில் பயனர் உரிமையோடு கேட்பது தப்பே இல்லை என்பது என் கட்சி, இதில் ஹிக்கியோடு உடன்பாடு இல்லை. ஒருவர் எழுதியதை நம்பி என் வேலையை அமைத்திருக்கும்போது அங்கே ஒரு உறவு வந்துவிடுகிறது, உரிமம் என்ன சொன்னாலும். ஆனால் உறவென்றால் எதிர்ப்பக்கமும் போய்ப் பார்க்கணும். ஃப்ராய்ண்ட் ஒரு பேட்ச்கூட அனுப்பாமலேயே அந்த உறவைக் காட்டினார். தன் நேரத்தைச் செலவழித்துத் தான் கண்டதை எடுத்துக் கொடுத்தார். ஜிகர் கேட்டது உரிமையோடு கேட்பதுபோல இருந்தது, ஆனால் அவர் ஒரு நாளும் தண்ணி தூக்கியதில்லை.

இதிலும் ஒரு சிக்கல் வந்துகொண்டிருக்கிறது. ஜிகரின் மடல்களைக் கையால் தட்டச்சு செய்திருப்பார்கள், ஆங்கிலமும் கொஞ்சம் கோணல். இன்றைக்கு அதே வேலையைச் செய்ய நினைப்பவர் ஏஐயிடம் சொன்னால் போதும், ஃப்ராய்ண்ட் மாதிரியே எண்களோடும் அறிகுறிகளோடும் அடக்கமான குரலோடும் ஐம்பது மடல் வரும். 2024 ஜனவரியிலேயே ஸ்டென்பெர்க் இதைப் பற்றி எழுதினார்: ஏஐ எழுதிய பாதுகாப்பு அறிக்கைகள் பார்க்க ஒழுங்காக இருக்கின்றன, அதனாலேயே பொய் என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகிறது என்று. நல்ல மடலின் வடிவமும் களவு போய்விட்டால் மிஞ்சுவது சரிபார்ப்பது மட்டும். 0.807 என்று எழுதியிருந்தால் நாமும் ஒருமுறை ஓட்டி 0.807 வருகிறதா என்று பார்ப்பது. அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், அந்த நேரத்துக்கு யாராவது காசு கொடுக்க வேண்டும். கொலினிடம் இல்லாமல் போனதும் அதுதான்.

பின்கதவு வெளிப்பட்டதும் கிட்ஹப் அந்தத் திட்டத்தின் பக்கத்தை முடக்கியது, ஜியா டானின் கணக்கோடு சேர்த்துக் கொலினின் கணக்கையும் நிறுத்தியது. பிறகுதான் திருப்பிக் கொடுத்தார்கள். கொலின் தன் சொந்தத் தளத்தில் என்ன நடந்தது என்று சின்னதாக ஒரு பக்கம் எழுதிவைத்தார். பிறகு உட்கார்ந்து நிரலைப் பரிசோதித்து, பின்கதவை எடுத்துவிட்டு, 2024 மே 29 அன்று 5.6.2 வெளியிட்டார். அந்த இரண்டு மாதமும் அவரை யாரும் அவசரப்படுத்தவில்லை என்று நம்ப ஆசைப்படுகிறேன்.